அன்றாட ஹீப்ருவும் யூத வாழ்த்துகளும்: யாரிடம், எந்த நாளில், எப்படிச் சொல்வது

யோம் கிப்பூர் அன்று ஒரு யூதரைப் பார்த்துச் சிரித்த முகத்தோடு "மகிழ்ச்சியான யோம் கிப்பூர்" என்று சொல்வது, துக்க வீட்டு வாசலில் நின்று "நல்வாழ்த்துகள்" என்பதற்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. அது சுமார் 25 மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் பாவமன்னிப்பு வேண்டி நோன்பிருக்கும் நாள். அன்றைக்குச் சொல்ல வேறு வாழ்த்து உண்டு.

ஹீப்ருவில் அன்றாடத்துக்கு வேண்டிய சொற்கள் நூறைத் தாண்டாது. இரண்டு மூன்று வாரத்தில் மனப்பாடமாகிவிடும். கற்பவரைத் தடுமாற வைப்பது வேறு இரண்டு விஷயங்கள்: எதிரில் நிற்பவர் ஆணா பெண்ணா, இன்று என்ன நாள். முதியோர் பராமரிப்புக்காகவோ ஆய்வுப் படிப்புக்காகவோ இஸ்ரேல் போகிறவர், எருசலேம் யாத்திரைக்குக் கிளம்பியவர், யூத நண்பரோ மேலாளரோ வாய்த்தவர், எல்லாரும் இந்த இரண்டிலும்தான் சறுக்குகிறார்கள். அதனால் இந்த வழிகாட்டி சொற்பட்டியலைவிட அவற்றுக்கே அதிக இடம் தருகிறது.

படி 1: காதைத் தயார் செய்யுங்கள்

கீழே வரும் ஹீப்ரு சொற்களைத் தமிழ் எழுத்தில் படிக்கச் சில விதிகள். இவற்றைத் தாண்டி ஓடினால் மற்றதெல்லாம் தப்பாக ஒலிக்கும்.

ஃக என்று வரும் இடம் தொண்டையின் ஆழத்திலிருந்து உரசி வரும் ஒலி. சளியைக் காறுவதுபோல, ஆனால் மெதுவாக. உருது "கபர்" தெரிந்தவர்களுக்கு இது பழக்கமான ஒலி. வரவில்லை என்றால் "ஹ" என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். "க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்: "லாஃக்" என்றால் "உனக்கு" (பெண்ணிடம்), "லாக்" என்றால் நகப்பூச்சு.

சொல்லின் நடுவில் தனியாக வரும் க, த, ப ஆகியவற்றைத் தமிழில் படிப்பதுபோலவே மெலிதாகவும், இரட்டித்து வருவதை வல்லினமாகவும் படியுங்கள். ஹீப்ருவில் எழுத்தை அழுத்தி இரட்டிக்கும் வழக்கம் இன்று இல்லை. இங்கே இரட்டித்திருப்பது ஒலியைக் காட்டத்தான். ஓய்வுநாளை "ஷப்பாத்" என்று எழுதினால் தமிழ் வாய் அதை வல்லின ப-வாக்கிவிடும். சரியானது "ஷபாத்", "சபை"யில் வரும் ப. ஒரே எச்சரிக்கை: தொதா போன்ற சொற்களில் நடுவில் வரும் த-வை "அது" என்பதுபோல் காற்றோடு விடாமல், "பந்து" என்பதன் து-போல் நாக்கைப் பதித்துச் சொல்லுங்கள்.

சொல்லின் தொடக்கத்தில் ப வந்தால், "பஸ்" என்பதில் வரும் ஒலி. விதிவிலக்கு மூன்று: பேஸஃக், புரீம், போ. தொடக்கத்தில் க வந்தால் "கடல்" ஒலி. க்மார், கமூர், குத் ஆகிய மூன்றில் மட்டும் "கம்பீரம்" ஒலி. "ஸே", "ஸ்மான்" போன்ற சில இடங்களில் ஸ என்பது வண்டு ரீங்கரிப்பதுபோல் அதிரும், அங்கங்கே குறித்திருக்கிறது. ஆங்கிலத்தில் "ஜீப்ரா" என்று நாம் சிரமப்படும் அதே முதலெழுத்து.

அடுத்தது அழுத்தம். தமிழில் சொல்லின் எந்த அசையை அழுத்தினாலும் பொருள் மாறுவதில்லை, ஹீப்ருவில் மாறும். இங்கே ஒரு சொல்லில் நெடிலாக எழுதியிருக்கும் அசையை அழுத்தி, மற்றதைக் குறுக்கிச் சொல்லுங்கள். "பீர" என்றால் பீர், "பிரா" என்றால் தலைநகர். "போக்கெர்" காலை, "பொக்கேர்" மாடு மேய்ப்பவன். பெரும்பாலான சொற்களில் அழுத்தம் கடைசி அசைக்கு. நம்மூர்ச் சபைகளில் "ஷாலோம்" என்று முதலெழுத்தை இழுத்துப் பழகியவர்கள் அதை "ஷலோம்" என்று மாற்றிக்கொண்டாலே பாதிப் படி ஏறியாயிற்று.

எழுத்துகளை எப்போது கற்பது? 22 எழுத்து, வலமிருந்து இடம், அதில் 5 எழுத்துக்குச் சொல்லின் கடைசியில் வேறு வடிவம். உயிர்க்குறிகளை அன்றாட எழுத்தில் போடுவதில்லை, அதனால் தெரியாத சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்துவிட முடியாது. பேச்சை முதலில் தொடங்கி, இரண்டாம் வாரத்திலிருந்து தினம் இரண்டு எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலைப் பலகைகளில் அரபும் ஆங்கிலமும் இருக்கும். கடைச் சீட்டும் மருந்துப் பெட்டியும் பெரும்பாலும் ஹீப்ருதான்.

படி 2: ஆணா, பெண்ணா

தமிழில் "அவன் வந்தான், அவள் வந்தாள்" என்று படர்க்கையில் மட்டும் பால் பார்க்கிறோம். ஹீப்ரு முன்னிலையிலும் பார்க்கும். நிகழ்காலத்தில் "நான்" என்று தன்னைச் சொல்லும்போதுகூடப் பார்க்கும்.

ஆணிடம் "நீ" என்பது அத்தா. பெண்ணிடம் அத். உனக்கு என்பது லெஃகா, லாஃக். "எனக்கு வேண்டும்" என்று ஆண் சொன்னால் அனீ ரொட்ஸே, பெண் சொன்னால் அனீ ரொட்ஸா. "எனக்குப் புரியவில்லை" ஆணுக்கு அனீ லோ மெவீன், பெண்ணுக்கு அனீ லோ மெவினா. "ஆங்கிலம் பேசுவாயா?" அத்தா மெதபேர் அங்லீத்? அத் மெதபேரெத் அங்லீத்?

இங்கே வழக்கமான விபத்து ஒன்று உண்டு. ஆசிரியை சொன்னதைக் கேட்டு ஆண் அப்படியே "அனீ ரொட்ஸா" என்று பழகிவிடுவார். பல மாதம் கழித்து யாரோ சிரிக்கும்போதுதான் தெரியும். ஆண்கள் ஆண் குரலைக் கேட்டும் பெண்கள் பெண் குரலைக் கேட்டும் பழகுவது நல்லது. மொழிபெயர்ப்புச் செயலிகள் பெரும்பாலும் ஆண்பால் வடிவத்தையே நீட்டும் என்பதையும் மனதில் வையுங்கள்.

மரியாதைப் பன்மை கிடையாது. "நீங்கள்" என்ற நினைப்பில் அத்தேம் என்று சொன்னால், பின்னால் இன்னும் யார் நிற்கிறார்கள் என்று அவர் திரும்பிப் பார்ப்பார். எண்பது வயது பாட்டிக்கும் மருத்துவருக்கும் பேராசிரியருக்கும் ஒரே அத்தா, அத், கூடவே முதற்பெயர். நமக்கு இது முதலில் கூச்சமாகத்தான் இருக்கும். அங்கே அது மரியாதைக் குறைவே அல்ல.

பால் குழப்பத்திலிருந்து தப்ப ஒரு குறுக்கு வழி இருக்கிறது: எஃப்ஷார். "முடியுமா, கிடைக்குமா" என்று பொருள், யாரிடமும் மாறாது. எஃப்ஷார் மாயிம்? (தண்ணீர் கிடைக்குமா?) எஃப்ஷார் ஃகெஷ்போன்? (பில் தருகிறீர்களா?) முதல் மாதம் முழுக்க இந்த ஒரு சொல்லிலேயே ஓட்டிவிடலாம்.

தமிழருக்குச் சாதகமான இடங்களும் உண்டு. "நான் ஆசிரியர்" என்பதில் நமக்கு வினைச்சொல் தேவையில்லை. ஹீப்ருவிலும் அப்படியே, அனீ மொரே (பெண் என்றால் மொரா). "எனக்கு உண்டு, எனக்கு இல்லை" என்ற அமைப்பும் அப்படியே இருக்கிறது: யேஷ் லி, ஏன் லி. எனக்குக் காய்ச்சல் என்பது யேஷ் லி ஃகோம். எனக்கு நேரமில்லை என்பது ஏன் லி ஸ்மான் (அதிரும் ஸ). ஆங்கிலம் வழியாகக் கற்பவர் இந்த அமைப்போடு மல்லுக்கட்டுவார். தமிழிலிருந்து நேராகப் போனால் வழி திறந்தே கிடக்கிறது.

சிக்கவைக்கும் ஒற்றுமைகளும் இருக்கின்றன. "ஏன்" என்றால் அங்கே "இல்லை". ஏன் என்று கேட்க லாம. "போ" என்றால் "இங்கே". அதையே பஸ் ஒலியில் சொன்னால் "வா" (ஆணிடம்). அப்பா ஆப, அம்மா ஈம. இவை மட்டும் யாருக்கும் மறப்பதில்லை.

படி 3: தெருவில் முதல் பத்து நிமிடம்

ஷலோம் என்பது வரும்போதும் போகும்போதும் சொல்வது; அமைதி, நலம் என்று பொருள். ஆனால் இஸ்ரேலில் இளையவர்கள் பேசுவதைக் கேட்டால் ஷலோமைவிட "ஹாய்", "அஹலன்", "யால்ல, பாய்" ஆகியவைதான் அதிகம் விழும். நூற்றாண்டுகளாக வேதத்திலும் வழிபாட்டிலும் எழுத்திலும் வாழ்ந்து, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மறுபடி வீட்டுப் பேச்சாகத் தொடங்கிய மொழி அது. கொச்சைக்குச் சொல் போதாமல் அரபிடமும், ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான யிதிஷிடமும் கடன் வாங்கிக்கொண்டது. ஸபாப (அருமை, சரி) என்பதும் அரபுதான்.

நலம் விசாரிக்க மா நிஷ்மா? நேர்ப்பொருள் "என்ன கேள்விப்படுகிறது", அதாவது நம்முடைய "என்ன சேதி". கொஞ்சம் முறையாகக் கேட்க, ஆணிடம் மா ஷ்லொம்ஃகா? பெண்ணிடம் மா ஷ்லொமேஃக்? பதில்: ஹக்கோல் பெஸேதெர் (எல்லாம் சரியாக இருக்கிறது), பெஸேதெர் கமூர் (முற்றிலும் சரி). சமயப் பற்றுள்ளவர் பரூஃக் ஹஷேம் என்பார், "கடவுள் புண்ணியத்துல" என்று நாம் சொல்வதைப்போல. வியாதியாகக் கிடந்தாலும் அதுவே பதிலாக வரலாம்.

ஷலோம் அலெய்ஃகேம் என்று யாராவது சொன்னால் பதிலைத் திருப்பிப் போடுங்கள்: அலெய்ஃகேம் ஷலோம். "அஸ்ஸலாமு அலைக்கும், வஅலைக்கும் ஸலாம்" கேட்டு வளர்ந்த தமிழ்க் காதுக்கு இது ஒரு நொடியில் பிடிபடும். வெகுநாள் கழித்துப் பார்ப்பவரிடம் சொல்வது வழக்கம்.

காலைக்கு போக்கெர் தோவ். பதிலுக்கு அதையே சொல்லலாம். போக்கெர் ஓர் (ஒளிமிக்க காலை) என்றால் முகம் மலரும். மதியம் ட்ஸொஹொராயிம் தொவீம், மாலை ஏரெவ் தோவ், இரவு விடைபெற லாய்ல தோவ். பிறகு பார்க்கலாம் என்பது லெஹித்ர-ஓத்.

நன்றி தொதா, மிக்க நன்றி தொதா ரபா. பெவக்கஷா மூன்று வேலை செய்யும்: தயவுசெய்து, இந்தாருங்கள், பரவாயில்லை. ஸ்லிஃகா இரண்டு வேலை: மன்னியுங்கள், கொஞ்சம் வழிவிடுங்கள். ஆமாம் கேன், இல்லை லோ. மெதுவாக என்பது லெ-ஆத் லெ-ஆத். "ஹீப்ருவில் எப்படிச் சொல்வது?" ஏஃக் ஒம்ரீம் ... பெ-இவ்ரீத்?

அறிமுகத்துக்கு: ஏஃக் கொரீம் லெஃகா? (பெண்ணிடம் லாஃக்) என்று பெயர் கேட்பார்கள். கொரீம் லி என்று தொடங்கிப் பெயரைச் சொல்லுங்கள். மெ-ஏஃபோ அத்தா? எந்த ஊர்? பதில்: அனீ மெஹோது, நான் இந்தியாவிலிருந்து. இந்த "ஹோது" பழைய சொல். எஸ்தர் நூலின் முதல் வசனமே அகாஸ்வேரு மன்னன் ஹோது முதல் கூஷ் வரை ஆண்டான் என்கிறது. அதே சொல் வான்கோழியின் பெயரிலும் ஒட்டிக்கொண்டிருப்பதால், உணவகப் பட்டியலில் "ஹோது" என்று பார்த்துச் சென்னைச் சமையல் என்று மயங்கவேண்டாம். கிளிக்கு ஹீப்ருவில் துக்கீ. சாலமோனுக்குக் கப்பலில் வந்த "துக்கிகள்" உண்மையில் மயில்கள், அந்தச் சொல் நம் "தோகை" என்று கால்டுவெல் முதல் பலர் கருதினார்கள்.

நீங்கள் ஒன்று கேட்டதும் எதிரிலிருப்பவர் ஐந்து விரல் நுனியையும் மேல்நோக்கிக் குவித்துக் காட்டினால் கோபம் இல்லை. ரேக, "ஒரு நிமிஷம்" என்று அர்த்தம்.

படி 4: வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை

யூத நாள் சூரியன் மறையும்போது தொடங்குகிறது. ஷபாத் வெள்ளி மாலை வந்து சனி இரவு மூன்று விண்மீன் தெரியும்போது போகும். பல ஊர்களில் சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன்பும், ஜெருசலேமில் 40 நிமிடம் முன்பும் மெழுகுவத்தி ஏற்றுவது வழக்கம்.

ஷபாத் ஷலோம் என்ற வாழ்த்தைச் சனிக்கிழமை மட்டும் சொல்வது என்று நினைத்துக்கொள்கிறார்கள். வியாழன் மாலையே அலுவலகத்தில் தொடங்கிவிடும். வெள்ளி காலை காய்கறிக்காரர் சொல்வார். சனி இரவு ஷபாத் முடிந்ததும் வாழ்த்து மாறுகிறது: ஷவூஅ தோவ், நல்ல வாரம். ஞாயிறு காலையிலும் அதுவே, ஏனென்றால் அங்கே வேலை வாரம் ஞாயிறில் தொடங்குகிறது. கிழமைகளுக்குக் கோள்களின் பெயர் இல்லை, எண்தான்: ஞாயிறு யோம் ரிஷோன் (முதல் நாள்), திங்கள் யோம் ஷெனீ, செவ்வாய் ஷ்லிஷீ, புதன் ரெவி-ஈ, வியாழன் ஃகமிஷீ, வெள்ளி ஷிஷீ, ஏழாவது ஷபாத்.

கடைப்பிடிப்பவர்கள் ஷபாத்தில் கைபேசியைத் தொடுவதில்லை. அதனால் வாட்ஸப் வாழ்த்தை வெள்ளி மதியத்துக்குள் அனுப்பிவிடுங்கள். சனி காலை பத்து மணிக்கு அழைத்து "ஷபாத் ஷலோம்" சொல்வது, வாழ்த்தின் பெயரால் ஷபாத்தையே குலைப்பது. பெரும்பாலான ஊர்களில் வெள்ளி பிற்பகல் பேருந்து நின்றுவிடும், கடை மூடிவிடும். வாழ்த்தோடு காய்கறியும் முன்கூட்டியே.

இஸ்ரேலுக்கு வெளியே, குறிப்பாக நியூயார்க், லண்டன் ஆகிய இடங்களின் ஐரோப்பிய வழி யூதர்கள் இதையே யிதிஷில் குத் ஷாபெஸ் என்பார்கள். பண்டிகைக்கு குத் யோந்திஃப், சனி இரவு குத் வோஃக். யார் எதைச் சொல்கிறாரோ அதையே திருப்பிச் சொல்லுங்கள். இந்த விதி எந்த ஊரிலும் ஏமாற்றாது. மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய பரதேசி ஜெபாலயத்தைப் பார்க்கப் போகிறவர்கள் சனிக்கிழமையைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் 1948-க்குப் பிறகு இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். நெகேவ் பாலைவனத்தின் நெவத்தீமில் இன்றும் மலையாளம் கேட்கும். அங்கே தமிழ் பேசினாலும் யாராவது திரும்பிப் பார்க்கக்கூடும்.

படி 5: பண்டிகை நாட்காட்டி

எந்தப் பண்டிகைக்கும் பொருந்தும் பொது வாழ்த்து ஃகாக் ஸமேயஃக் (முதல் சொல்லின் கடைசி எழுத்து "அங்கம்" என்பதன் க). சந்தேகம் வந்தால் இது. ஆனால் இலையுதிர் காலப் பண்டிகை வரிசையில் இது மட்டும் போதாது, வாரத்துக்கு ஒரு வாழ்த்து மாறும்.

செப்டம்பர் வாக்கில் வரும் புத்தாண்டு ரோஷ் ஹஷானாவுக்கு ஷனா தொவா, இன்னும் நிறைவாக ஷனா தொவா உமெத்துக்கா, "நல்ல, இனிய ஆண்டு". அதனால்தான் ஆப்பிளைத் தேனில் தொட்டுத் தருவார்கள். பண்டிகைக்குச் சில வாரம் முன்பிருந்தே இதைச் சொல்லலாம். புத்தாண்டு அன்று அடுத்த ஆண்டின் விதி எழுதப்படுகிறது, யோம் கிப்பூரில் முத்திரை இடப்படுகிறது என்பது நம்பிக்கை. ஆகவே இடைப்பட்ட நாட்களின் வாழ்த்து க்மார் ஃகத்திமா தொவா, "நல்ல முத்திரையோடு முடியட்டும்". நோன்புக்கு முந்தின நாள் ட்ஸோம் கல், "நோன்பு எளிதாகட்டும்". யோம் கிப்பூருக்கு ஸமேயஃக் எந்த இடத்திலும் சேராது.

அடுத்து சுக்கோத், கூடாரப் பண்டிகை. வசந்தத்தில் பேஸஃக், தமிழ் பைபிள் "பஸ்கா" என்று சொல்வது. இந்த இரண்டின் இடைநாட்களில் மொஅதீம் லெஸிம்ஃகா என்று ஒருவர் சொன்னால் பதில் ஃககீம் உஸ்மனீம் லெஸஸோன் ("உஸ்மனீ"மில் அதிரும் ஸ). இந்தப் பதிலைத் தடுமாறாமல் சொல்லும் வெளிநாட்டவரை மறக்கமாட்டார்கள். பேஸஃகுக்கு மட்டும் தனி வாழ்த்து: பேஸஃக் கஷேர் வெஸமேயஃக். இஸ்ரேலில் 7 நாள், வெளியே 8 நாள். அந்த நாட்களில் ரொட்டியோ கேக்கோ பரிசாகக் கொண்டுபோகாதீர்கள். புளித்த மாவே வீட்டுக்குள் கூடாது. ஃகனுக்காவும் (8 இரவு) புரீமும் எளிது, பெயரோடு ஸமேயஃக் சேர்த்தால் ஆயிற்று.

இலையுதிர் காலப் பண்டிகைப் பருவத்தில் ஓர் அலுவலகத்தில் எதைக் கேட்டாலும் அஃகரே ஹஃககீம், "பண்டிகைக்கு அப்புறம்" என்பார்கள். தை பிறக்கட்டும் என்று நாம் தள்ளிப்போடுவதற்கு நிகரான தேசியச் சொல் அது.

வாழ்த்தே சொல்லக்கூடாத நாட்களும் உண்டு. யூத இனப்படுகொலை நினைவுநாளில் காலை 10 மணிக்கு 2 நிமிடம் சங்கு ஒலிக்கும். போர்வீரர் நினைவுநாளுக்கு முதல் மாலை 8 மணிக்கு 1 நிமிடம், மறுநாள் 11 மணிக்கு 2 நிமிடம். சாலையில் காரை நிறுத்தி இறங்கி நிற்பார்கள். நீங்களும் நில்லுங்கள், பேசவேண்டாம். எருசலேம் ஆலயம் அழிந்த துக்கநாளான திஷா பெ-ஆவில் கடைப்பிடிப்பவர்கள் வணக்கம்கூடச் சொல்வதில்லை. உங்கள் ஷலோமுக்குத் தலையசைப்பு மட்டும் வந்தால் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

படி 6: நல்லது, கெட்டது

மாஸல் தோவ் (அதிரும் ஸ) எல்லாருக்கும் தெரிந்த சொல், எல்லாரும் தப்பாகச் சொல்லும் சொல். அது நடந்து முடிந்த நல்லதற்கு: திருமணம், குழந்தை, பட்டம். நாளைக்குத் தேர்வு எழுதப் போகிறவரிடம் சொல்லவேண்டியது பெஹட்ஸ்லஃகா, "வெற்றியோடு". கர்ப்பமாக இருப்பவரிடம் மாஸல் தோவ் சொன்னால் முகம் சுருங்கும், பிறக்கும் முன் கொண்டாடக்கூடாது என்ற எண்ணம். அங்கே பெ-ஷ-ஆ தொவா, "நல்ல வேளையில் ஆகட்டும்". வளைகாப்புக்கு முன் வெளியே சொல்லத் தயங்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கண்ணேறும் உண்டு. பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள் என்ற கையோடு ப்லி ஆயின் ஹரா, "கண் படாமல்". எதிர்காலத் திட்டம் சொன்னால் பெயெஸ்ராத் ஹஷேம் (அதிரும் ஸ), கடவுள் துணையோடு. கெட்டதை நினைத்தால் ஃகாஸ் வெஃகலீல, "அப்படி ஆகவேண்டாம்".

பிறந்தநாளுக்கு யோம் ஹுலேதெத் ஸமேயஃக். பெரியவர் என்றால் அத் மெயா வெயெஸ்ரீம், "120 வரை", மோசே வாழ்ந்த வயது. நம் "நூறாண்டு" அங்கே இருபது கூடுதல். புதுச் சட்டை, புது வண்டி, முடிவெட்டு எதுவானாலும் ஆணிடம் தித்ஃகதேஷ், பெண்ணிடம் தித்ஃகத்ஷீ. சாப்பிடும் முன் பெத்தெ-அவோன், தும்மினால் லப்ரி-ஊத், கோப்பையை உயர்த்தினால் லெஃகாயிம், உடம்பு சரியில்லாதவரிடம் ரெஃபுவா ஷ்லெமா. ஒருவர் நன்றாகச் செய்தால் கோல் ஹக்கவோத்.

துக்க வீடு தனி. அடக்கத்துக்குப் பின் 7 நாள் ஷிவ்ஆ. கதவு பெரும்பாலும் சாத்தாமல் இருக்கும். மணி அடிக்காமல் உள்ளே போங்கள். ஷலோம் சொல்லக்கூடாது, துக்கத்திலிருப்பவர் முதலில் பேசும்வரை காத்திருக்கவேண்டும். பூ கொண்டுபோவது அங்கே வழக்கமில்லை. சமைத்த உணவு கொண்டுபோகலாம், கோஷர் (யூத உணவு விதி) பார்க்கும் வீடா என்று விசாரித்துவிட்டு. கிளம்பும்போது ஐரோப்பிய வழியினர் சொல்வது: ஹமக்கோம் யெனஃகேம் எத்ஃகேம் பெத்தோஃக் ஷெ-ஆர் அவெலே ட்ஸியோன் விருஷலாயிம். கீழை நாட்டு வழியினர்: மின் ஹஷமாயிம் தெனுஃகமூ. நீளமானது வாயில் வராது என்றால், "உன் துக்கத்தில் பங்குகொள்கிறேன்" போதும்: ஆண் சொல்வது மிஷ்தத்தேஃப், பெண் சொல்வது மிஷ்தத்தேஃபெத், அதன்பின் ஆணிடம் பெட்ஸ-அர்ஃகா, பெண்ணிடம் பெட்ஸ-அரேஃக். இறந்தவர் பெயரோடு ஸிஃக்ரொனோ லிவ்ரஃகா (அதிரும் ஸ) சேர்ப்பார்கள், பெண் என்றால் ஸிஃக்ரொனா.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் கவனிக்க ஒன்று. ஆமென், அல்லேலூயா, ஓசன்னா எல்லாம் ஹீப்ருவிலிருந்து வந்தவைதான், யூதர்களுக்கும் தெரியும். ஆனால் தமிழ் பைபிளில் சகஜமாக வரும் "யெகோவா"வை யூதர்கள் வாயால் உச்சரிப்பதில்லை. பேச்சில் ஹஷேம், "அந்தப் பெயர்" என்பார்கள். நீங்களும் ஹஷேம் என்றே சொல்லுங்கள்.

படி 7: சந்தை, பேருந்து, பராமரிப்பு

விலை கேட்க காம ஸே ஒலே? (அதிரும் ஸ). யக்கார் மிதாய், விலை அதிகம். ஃகட்ஸீ கீலோ, அரைக் கிலோ. கடையில் "பால் இருக்கிறதா?" என்று கேட்க யேஷ் லஃகேம் ஃகலாவ்? இங்கே பன்மை சரி, கடையைத்தான் கேட்கிறீர்கள். காரம் என்பது ஃகரீஃப், அவர்கள் "ஃகரீஃப்!" என்று எச்சரிப்பது நமக்குப் பெரும்பாலும் உறைக்கவே உறைக்காது. ஏமன் வழி வந்த பச்சை மிளகாய்த் துவையலான ஸ்ஃகூகைக் கேட்டு வாங்குங்கள். கோஷர் உணவகத்தில் இறைச்சியோடு பால் கலந்த காப்பி கேட்காதீர்கள், இருக்காது.

எண்கள்: அஃகாத், ஷ்தாயிம், ஷலோஷ், அர்பா, ஃகமேஷ், ஷேஷ், ஷேவ, ஷ்மோனெ, தேஷ, ஏஸெர். எண்ணுக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு; இது பெண்பால் வரிசை. தொலைபேசி எண், பேருந்து எண், மணி எல்லாம் இதில்தான். ஷெக்கெல் ஆண்பால், ஆனாலும் சந்தையில் பலர் இதே வரிசையில்தான் சொல்கிறார்கள். ஆண்பால் வரிசையை ஆறுமாதம் தள்ளிப் போடுங்கள்.

வழி: ஏஃபோ ...? எங்கே? யமீன வலது, ஸ்மோல இடது, யஷார் நேரே. ஏஃபோ லரேதெத்? எங்கே இறங்கவேண்டும்? கழிப்பறை ஏஃபோ ஹஷெருத்தீம்?

பராமரிப்பு வேலைக்குப் போகிறவர் மெத்தப்பேல், பெண் மெத்தப்பேலெத். முதியவரிடம் முதல் நாளே வேண்டியவை: கொஏவ் லெஃகா? (வலிக்கிறதா? பெண்ணிடம் லாஃக்), ஏஃபோ கொஏவ்? (எங்கே?), கதூர் (மாத்திரை), த்ருஃபோத் (மருந்துகள்), ஸெஹிரூத் (கவனம்; அதிரும் ஸ), ரொட்ஸே லிஷ்தோத் மாயிம்? (தண்ணீர் குடிக்கிறாயா? பெண்ணிடம் ரொட்ஸா). அவருடைய தாய்மொழி ரஷ்யனோ ருமேனியனோ மொராக்கோ அரபோ ஆக இருக்கலாம். குடும்பத்தாரிடம் முதலிலேயே கேளுங்கள். காவல் 100, ஆம்புலன்ஸ் 101, தீயணைப்பு 102. உதவி என்று கத்த ஹட்ஸீலு! எச்சரிக்கைச் சங்கு அஸக்கா (அதிரும் ஸ). வீட்டின் பாதுகாப்பு அறை மமாத், பொதுப் பதுங்கிடம் மிக்லாத். வேலைக்குச் சேர்ந்த அன்றே இவை எங்கே இருக்கின்றன என்று பார்த்து வையுங்கள்.

படி 8: வாயில் ஏற்றுவது

தினம் எட்டுத் தொடர், மறுநாள் பழைய எட்டைச் சொல்லிப் பார்த்த பின்தான் புதிய எட்டு. ஒவ்வொன்றையும் மூன்று முறை: ஒரு ஆணை நினைத்து, ஒரு பெண்ணை நினைத்து, ஒரு கூட்டத்தை நினைத்து. குரலைப் பதிவு செய்து கேளுங்கள். முதலில் சரிபார்க்க வேண்டியது ஃக ஒலி அல்ல, அழுத்தம். ஒலி கொஞ்சம் பிசகினாலும் புரியும், அழுத்தம் மாறினால் புரியாது. கைபேசியில் யூத நாட்காட்டியைச் சேர்த்துவிட்டால் எந்த வாழ்த்து என்ற கேள்வி பாதி தீரும். இஸ்ரேலில் குடியேறியவர்களுக்கான உல்பான் வகுப்புகள் முதல் நாளிலிருந்தே ஹீப்ருவை ஹீப்ருவிலேயே நடத்தும். முதல் வாரம் தலை சுற்றுவது இயல்பு.

நீங்கள் தடுமாறினால் உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். சிரித்துக்கொண்டே "இவ்ரீத், பெவக்கஷா" என்று சொல்லுங்கள். வாக்கியத்தின் நடுவிலேயே குறுக்கிட்டு "ரொட்ஸா இல்லை, ரொட்ஸே" என்று முன்பின் தெரியாத பேருந்துப் பயணி திருத்தினால், அது அங்கே அக்கறை. திருத்திய சொல்லை ஒருமுறை சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.